பின்கண்ணாடியில் படியும் ஆவி: பழைய கார்களும் ஏற்காட்டு மலைப்பாதையும்

மழைக்காலமும் மார்கழியும் அடுத்தடுத்து வருவதாலோ என்னவோ, இம்மாதம் வாகனப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியே இருந்தன. அவற்றைத் தொகுத்து இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 1960களில் என் தந்தையார் வாங்கிய அம்பாசிடர் இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. சென்ற டிசம்பரில் ஐந்து பேராக அதில் ஏற்காட்டுக்குப் போனோம். பாதி மலை ஏறுவதற்குள் பின்கண்ணாடி முழுவதும் வெளுத்து, பின்னால் வரும் வண்டி எதுவும் தெரியாமல் போய்விட்டது. என் மகனுடைய காரில் பின்கண்ணாடியில் பழுப்பு நிறக் கோடுகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுகிறது. இந்த வசதி பழைய கார்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? எப்போது, எப்படி வந்தது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் உங்கள் காரில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்கு ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். ஐந்து பேர் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் ஒரு பெரிய டம்ளர் அளவு நீர் காருக்குள் கலந்துவிடுகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராமைத்தான் தாங்கும். மீதி நீராகப் பிரிந்து, கிடைக்கும் குளிர்ந்த பரப்பில் படியும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. அடிவாரத்தில் மூடிய கதவுகளோடு ஏறத் தொடங்கிய நீங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் கண்ணாடியின் வெளிப்புறத்தை எட்டு டிகிரி குறையும் அளவுக்குக் குளிரவைத்துவிட்டீர்கள். முன்கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொள்ளலாம். பின்கண்ணாடி எட்டாது.

பழைய கார்களில் இது இன்னும் பெரிய ஆபத்து என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கதவுகளில், பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி (மிரர்) கிடையாது. ஓட்டுநருக்குப் பின்புறம் தெரிவதெல்லாம் உள்ளே தொங்கும் ஒரே கண்ணாடியின் வழியாகத்தான். பின்கண்ணாடி மூடிக்கொண்டால் அந்த ஒரு கண்ணும் போய்விடும். மேலிருந்து இறங்கும் பேருந்து ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் வளைவில் நின்றுவிட, அதற்கு இடம் விட்டு நாம் சில அடி பின்னுக்கு எடுக்க வேண்டிய கட்டம் ஏற்காட்டுப் பாதையில் அடிக்கடி வரும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வளைவில், ஆவி படிந்த பின்கண்ணாடியோடு நான் பின்னுக்கு எடுத்தபோது, எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் நின்றிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கூவியதால் நிறுத்தினேன். அந்தக் கூவல் இன்னும் காதில் இருக்கிறது. இந்தப் பொருளைப் பற்றி இத்தனை நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வரலாறு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களின் பின்கண்ணாடி பெரும்பாலும் சிறிய சன்னல் அளவுதான் இருந்தது. அதைச் சூடாக்கும் தேவை பெரிதாக உணரப்படவில்லை. 1950களில் பின்கண்ணாடி அகன்றது, வளைந்தது, சாய்ந்தது. பார்வை பெருகியது, ஆவி படியும் பரப்பும் கூடவே பெருகியது. ஹீட்டரோ முன்பக்கத்தில், என்ஜினை ஒட்டி இருந்தது. அதன் சூடு பின்கண்ணாடிவரை வந்து சேருவதற்குள் ஆறிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒவ்வொரு நாட்டினரும் முயன்ற வழிகள் வேறு வேறு. அமெரிக்காவில் மெர்க்குரி நிறுவனம் 1957இல் வெளியிட்ட டர்ன்பைக் குரூஸர் காரில் பின்கண்ணாடியையே கீழே இறக்கிவிடலாம்; அந்நிறுவனம் 1963 முதல் 1966 வரையிலான தன் கார்கள் சிலவற்றில், பின்கண்ணாடியை முன்புறமாகச் சாய்த்து, இறங்கும்படியும் செய்து, 'பிரீஸ்வே' என்ற பெயரில் விற்றது. பிரிட்டனில் 1959இல் வந்த ஃபோர்டு ஆங்கிலியாவின் பின்கண்ணாடியும் முன்புறம் சாய்ந்திருந்ததால், மழையும் பனியும் அதன்மேல் நேரே விழாது. உள்ளே படியும் ஆவிக்கு அந்தச் சாய்வு எந்த வகையிலும் உதவவில்லை. வேறு சில அமெரிக்க கார்களில் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகைக்கு அடியில் ஒரு சிறிய மின்விசிறியைப் பொருத்தி, காருக்குள் இருக்கும் காற்றையே கண்ணாடியின்மேல் வீசச் செய்தார்கள். உள்ளே இருப்பது ஈரக் காற்றாக இருந்தால் அது ஈரத்தையே திரும்பத் திரும்ப வீசும். எனவே ஹீட்டர் நன்கு சூடேறிய பிறகுதான் அதனால் பயன்.

என் மதிப்பீட்டில் இவை எல்லாவற்றையும்விட அறிவார்ந்த வழி, 1964 இறுதியில் ஃபோர்டு கார்டினாவில் வந்த 'ஏரோஃப்ளோ' காற்றோட்ட முறை. டாஷ்போர்டின் இரு முனைகளிலும் புதுக்காற்று நுழையும். பின்சன்னலை அடுத்த தூணில் இருக்கும் துளைகள் வழியாக ஈரக் காற்று வெளியேறும். எந்தக் கண்ணாடியையும் இறக்க வேண்டியதில்லை. ஆவியைத் துரத்துவதற்கு முன் ஆவி தங்காமல் பார்த்துக்கொள்வது என்ற எண்ணம் அதில் இருந்தது. இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் இந்தத் தத்துவம்தான் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

கண்ணாடியையே மின்சாரத்தால் சூடாக்கும் முறை, அதாவது டீஃபாகர், இதே காலத்தில்தான் வளர்ந்தது. தொடக்கத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே முடியினும் மெல்லிய கம்பிகளைப் பதித்தார்கள். தெளிவாகத்தான் வேலை செய்தது. செலவுதான் அதிகம், ஆகவே விலையுயர்ந்த கார்களோடு நின்றது. கடினப்படுத்திய ஒற்றைக் கண்ணாடியின்மேலேயே கோடுகளை அச்சிட்டுச் சுடும் முறை வந்த பிறகுதான் அது எளிய கார்களுக்கும் இறங்கி வந்தது. சூடாகும் பின்கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது ஹெயின்ஸ் கூனெர்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

ஆனால் கண்ணாடி தயாராக இருந்தாலும் கார் தயாராக இருக்க வேண்டுமே. ஒரு பின்கண்ணாடிக்கு 150 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் காரில் அது பன்னிரண்டரை ஆம்ப். 6 வோல்ட் காரில் 25 ஆம்ப். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967ஆம் ஆண்டு மாடலில்தான் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது. அமெரிக்காவுக்குச் சென்ற பீட்டிலில் 1969 மாடலில் கண்ணாடிக் கோடுகள் வந்தன. முதலில் மின்சாரம், பிறகு கோடு. அதேபோல் 1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் கார், என்ஜின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு பெருமளவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் உலகம் முழுவதும் டைனமோ என்ற பழைய மின்னாக்கியை ஆல்டர்னேட்டர் ஒதுக்கியது. உங்கள் தந்தையாரின் அம்பாசிடர், 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்தில், டைனமோ காலத்தில் பிறந்த வண்டி. அதற்கு ஏன் இந்த வசதி கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த டைனமோவில் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் வேறொரு வாசகருக்கும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அந்தக் கோடுகள் எதனால் ஆனவை? பழுப்பு நிறம் ஏன்? ஒரு கோடு அறுந்தால் எல்லாம் நின்றுபோகுமா?
— பொறியியல் மாணவி, ஓமலூர்

பதில்: வெள்ளித்தூள், கண்ணாடித்தூள், அவற்றைப் பசையாகக் குழைக்கும் ஒரு திரவம் ஆகிய மூன்றின் கலவை அது. துணிகளில் படம் அச்சிடும் அதே சல்லடை அச்சு முறையில் கண்ணாடியின்மேல் கோடிடுவார்கள். பிறகு கண்ணாடியைக் கடினப்படுத்துவதற்காக 600 டிகிரிக்கு மேல் உலையில் சூடாக்கும்போதே பசை எரிந்துபோக, கண்ணாடித்தூள் உருகி, வெள்ளியைப் பரப்போடு பற்றவைத்துவிடுகிறது. இதற்கெனத் தனிச் சூளை வேண்டாம் என்பதுதான் இம்முறையின் மலிவுக்குக் காரணம். வெள்ளி அயனிகள் சிறிதளவு கண்ணாடிக்குள் ஊடுருவுவதால் வெளியிலிருந்து பார்க்கும்போது பழுப்பாகத் தெரிகிறது.

இரு ஓரங்களிலும் அகலமான பட்டைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே கோடுகள் எல்லாம் பக்கவிணைப்பில் இருக்கின்றன. பன்னிரண்டு கோடுகள் சேர்ந்து பன்னிரண்டரை ஆம்ப் எடுத்தால், ஒவ்வொன்றிலும் ஓர் ஆம்புக்குச் சற்று மேல் ஓடுகிறது. ஒன்று அறுந்தால் அந்த வரிசையில் மட்டும் ஆவி விலகாமல் நிற்கும். மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும். தொடரிணைப்பில் அமைத்திருந்தால் நீங்கள் அஞ்சியபடி ஒரு கீறலில் எல்லாம் அணைந்திருக்கும்.

கேள்வி: பத்து, பதினைந்து நிமிடத்தில் டீஃபாகர் தானாக அணைந்துவிடுகிறது. பழுதா?
— வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: பழுது இல்லை, நேரம் வைத்து அணைக்கும் ரிலே அது. கணக்கு எளிது: நடுத்தர அளவுள்ள ஒரு பின்கண்ணாடி ஐந்து கிலோ எடை இருக்கும், அதை 10 டிகிரி சூடாக்க 150 வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். காற்று கொண்டுபோகும் சூட்டையும் சேர்த்தால் பத்து நிமிடம். அதற்குமேல் எரிவது பேட்டரிக்கு வீண் சுமை.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து விடியற்காலையில் இறங்கும்போது நடுமலைவரை கண்ணாடி தெளிவாக இருக்கிறது. அடிவாரம் நெருங்கும்போது திடீரென்று மங்குகிறது. உள்ளே எத்தனை முறை துடைத்தாலும் போவதில்லை. ஏன்?
— துணி வணிகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: நீங்கள் உள்ளே துடைக்கிறீர்கள், ஆவி வெளியே இருக்கிறது. மேலே இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியோடு இறங்கிய உங்கள் வண்டி, கீழே சூடும் ஈரமும் நிறைந்த காற்றுக்குள் நுழைகிறது. குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலவே கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கிறது. ஏறும்போது உட்புறம், இறங்கும்போது வெளிப்புறம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏசியை மிகக் குளிராக வைத்து மழை நாளில் சேலம் நகருக்குள் ஓட்டினாலும் இதே நிலைதான். முன்னால் வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள்; பின்னால் டீஃபாகரைப் போடுங்கள். கோடுகள் உட்புறம் இருந்தாலும் சூடாவது முழுக் கண்ணாடி. எனவே எந்தப் பக்கத்து ஆவியும் விலகும். டீஃபாகர் இல்லாத வண்டியானால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, வெளியே துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குத் தயங்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் 1990களின் நடுவில் வந்த கார் ஒன்று இருக்கிறது. பின்கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தது. அதை அகற்றிய பிறகு நான்கு கோடுகள் வேலை செய்யவில்லை. இந்த மாடலுக்குக் கண்ணாடி கிடைப்பதும் அரிது. சரிசெய்ய முடியுமா?
— காப்பித் தோட்டக்காரர், நாகலூர்

பதில்: முடியும். 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவதைத் தடைசெய்தபோது பலரும் அவசரமாகப் பிளேடால் சுரண்டினார்கள். அப்படிக் கோடுகளை இழந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஃபிலிமை உரிக்க நீராவியோ வெந்நீரில் நனைத்த துணியோ போதும். அவசரமின்றிக் கோட்டின் போக்கிலேயே இழுக்க வேண்டும், குறுக்கே இழுக்கக்கூடாது.

அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண வோல்ட்மீட்டர் போதும். என்ஜினை ஓடவிட்டு டீஃபாகரைப் போடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை எர்த் பக்கத்து, அதாவது காரின் பாடியோடு இணைந்த பக்கத்துப் பட்டையில் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனையின் கூர் கோட்டைக் கீறிவிடாமல் இருக்க, அதைச் சுற்றி அலுமினியத் தாளைக் கசக்கி வைத்து, கோட்டின் நடுவில் மெல்லத் தொடுங்கள். நல்ல கோட்டின் நடுவில் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டும். 12 காட்டினால் நடுவுக்கும் எர்த் பட்டைக்கும் இடையில் அறுந்திருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் மறுபாதியில் அறுந்திருக்கிறது. பிறகு அந்தப் பாதியில் விரல் விரலாக நகர்த்துங்கள். எங்கே முள் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் அறுபட்ட இடம். வெளிப்புறத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளித்தூள் கலந்த மின்கடத்தும் பெயின்ட் சிறு குப்பிகளில் கிடைக்கிறது. அறுந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, கோட்டின் அகலம் மட்டும் திறந்திருக்கும்படி செய்து, அறுந்த இடத்துக்கு இருபுறமும் ஒரு சென்டிமீட்டராவது மேவும்படி பூசுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. ஒருநாள் முழுவதும் காயவிட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஏற்காட்டு ஈரத்தில் இரண்டு நாள் விடுவது நல்லது. சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடே உரிந்துபோயிருந்தால் இந்தப் பெயின்ட் நெடுநாள் தாங்காது. ஒரு கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றைக் காப்பாற்ற முடிந்தாலும் அது நல்ல வேலைதான்.

நான்கு கோடுகளுக்குப் பதிலாக எல்லாக் கோடுகளுமே வேலை செய்யாமல் இருந்தால், கோடுகளைத் தொடாதீர்கள். ஃபியூஸ், ரிலே, ஓரப் பட்டையில் பற்றவைத்த வயர் ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும். மூட்டைகளைப் பின்கண்ணாடியில் உரசும்படி அடுக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு ஒட்டும் வகை டீஃபாகர் பட்டைகளை வாங்கிப் பொருத்தலாமா? மெக்கானிக் 'பேட்டரி தாங்காது' என்கிறார்.
— பழைய கார் சேகரிப்பவர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: உங்கள் மெக்கானிக் சரியாகச் சொல்கிறார், காரணத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அக்காலத்து பிரிட்டிஷ் வடிவக் கார்களில் பரவலாக இருந்த லூக்காஸ் சி40 டைனமோ, முழு வேகத்தில் 22 ஆம்ப் தரும். இரவில் ஹெட்லைட்டுகளுக்கு ஏழெட்டு ஆம்ப், மற்ற விளக்குகளுக்கு இரண்டு, இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு மூன்று என்று கூட்டினாலே 16 ஆகிவிடுகிறது. அதன்மேல் பன்னிரண்டு ஆம்ப் பின்கண்ணாடியை ஏற்றினால் 28. இது முழு வேகக் கணக்கு. ஐடிலிங்கில் டைனமோ ஏறக்குறைய எதுவும் தராது, அதைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் கட்-அவுட் திறந்துகொள்ளும், எல்லாச் சுமையும் பேட்டரியின்மேல் விழும். மூடுபனியில் ஒரு பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து, வளைவுக்கு வளைவு நின்று போகும் நேரத்தில்தான் டீஃபாகர் நமக்குத் தேவை. டைனமோ கைவிடுவதும் அதே நேரத்தில்தான்.

ஆகவே ஆல்டர்னேட்டருக்கு மாற்றிய பிறகே இதைப் பற்றி யோசியுங்கள். அதற்கும் முன், உங்கள் வண்டியில் பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா என்று பாருங்கள். அன்றைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அந்த நிலையில் இன்றைய ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டையோடுகள் நொடியில் கருகிவிடும். மாற்றுவதானால் முழு வயரிங்கையும் தெரிந்தவரிடம் கொடுங்கள். பின்கண்ணாடிக்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே, தடித்த தனி வயர் வேண்டும். அறுபது ஆண்டு பழைய சுவிட்சின் வழியாகப் பன்னிரண்டு ஆம்ப் ஓட்டுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

வண்டியை அது பிறந்த வடிவிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றால், நான் அந்த விருப்பத்தின் பக்கம்தான் நிற்பேன். அப்படியானால் கதவின் முன்மூலையில் இருக்கும் முக்கோணக் கண்ணாடி இரண்டையும் சிறிது திறந்து, பின்சன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஏரோஃப்ளோ செய்ததும் இதைத்தான். குளிரும், பின்சீட்டில் இருப்பவருக்கு ஒரு சால்வை கொடுங்கள். ஈரக் குடையையும் நனைந்த மிதியடியையும் டிக்கியில் போடுங்கள். கதவில் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பொருத்திவிடுங்கள். வடிவத்துக்குப் பொருந்தும் சிறிய வட்டக் கண்ணாடிகள் கிடைக்கின்றன, வண்டியின் அழகு கெடாது. அஸ்தம்பட்டி தலைமையாசிரியருக்கும் இதுவே என் பதில்.

கேள்வி: முன்கண்ணாடியிலும் இத்தகைய கோடுகளை ஏன் போடவில்லை?
— வாசகி, ஆத்தூர்

பதில்: முயன்றிருக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவில் ஃபோர்டு தண்டர்பேர்டு காரில், கண்ணாடித் தகடுகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கப் படலத்தைப் பதித்து முன்கண்ணாடியைச் சூடாக்கும் வசதியைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். அதற்கென உயர்ந்த மின்னழுத்தம் தரும் தனி ஆல்டர்னேட்டர் ஒன்றையே வைக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது மறைந்தது. 1985இல் ஐரோப்பாவில் வந்த ஃபோர்டு ஸ்கார்ப்பியோவில் மிக நுண்ணிய கம்பிகளை முன்கண்ணாடிக்குள் பதித்தார்கள். அந்த முறை குளிர்நாடுகளில் இன்றும் இருக்கிறது. எதிரே பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிக் கோடுகள் தடித்துத் தெரிந்தால் இரவில் எதிர்வண்டியின் வெளிச்சம் அவற்றில் சிதறும். நமது ஊருக்கு முன்பக்க ஹீட்டரும் ஏசியும் சேர்ந்து தரும் உலர்ந்த சூடான காற்றே போதுமானது.

கேள்வி: லாரி ஓட்டுநர்கள் மழையில் கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கிறார்கள், சிலர் உருளைக்கிழங்கையும் தேய்ப்பார்கள். பயன் உண்டா?
— வாசகர், மேட்டூர்

பதில்: சிறிது நேரத்துக்கு உண்டு. ஆவி தனித்தனித் துளிகளாக நிற்பதால்தான் ஒளி சிதறி வெளுப்பாகத் தெரிகிறது; தேய்த்த சாறு அத்துளிகளைப் படலமாகப் பரப்பிவிடும், படலத்தின் வழியே பார்வை ஊடுருவும். சோப்பு நீரைத் தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் மெருகேற்றினாலும் அதே பலன் கிடைக்கும். புகையிலையைவிடச் சுத்தமாகவும் இருக்கும். டீஃபாகர் கோடுகள் இருக்கும் கண்ணாடியில் உருளைக்கிழங்கைத் தேய்க்க வேண்டாம், அதன் மண் கோட்டைக் கீறும். எதைத் தேய்த்திருந்தாலும் ஊர் திரும்பியதும் வெந்நீரில் துணியை நனைத்து உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கண்ணாடியில் ஆவி முந்திப் படியும்.